பட்டியலும் பாத்தியும்: கணினியில் எழுத்தை ஒழுங்குசெய்யப் பழகுதல்

ஒரு கிராமம் முன்னேற வேண்டுமாயின் நல்ல விதையும், நீரும், எருவும், உழைப்பும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். இவற்றோடு ஒழுங்காக எழுதப்பட்ட காகிதமும் வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிராம சபை நிறைவேற்றும் தீர்மானமும், சாலை வேண்டி அனுப்பும் கோரிக்கையும், வீட்டுதவி பெறுவோர் பட்டியலும் காகித உருவிலேயே வட்டாரக் காரியாலயத்துக்கு வந்து சேருகின்றன. காகிதம் தெளிவாக இருந்தால் காரியம் நடைபெறுகின்றது; காகிதம் குழம்பினால் காரியமும் குழம்புகின்றது.

இன்று இக்காகிதங்கள் பெரும்பாலும் கணினியில் தயாராகின்றன. ஆகவே கணினியில் எழுத்தை ஒழுங்குசெய்யும் முறையைப் பற்றியும், அதில் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயிலும் கிராமத்துப் பிள்ளைகள் எவ்வாறு பழக வேண்டும் என்பதைப் பற்றியும் இங்கே சில சொல்ல விரும்புகிறோம். கணினியைத் தொட்டறியாத அங்கத்தினர்களும் விவசாயிகளும் இதனைப் படிக்கலாம். தாம் கையொப்பமிடும் காகிதத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் விளங்கும்.

ஒரு பட்டியலின் கதை

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கூடிய ஒரு கிராம சபை, வீடு பழுதுபார்க்க உதவி பெறத் தகுந்த 27 பேரின் பட்டியலை ஒப்புக்கொண்டது. வரிசை எண், பெயர், கதவிலக்கம், பழுதின் விவரம் என நான்கு கலங்கள். அதனைக் கணினியில் அடித்தவர், ஒரு கலத்துக்கும் அடுத்த கலத்துக்கும் நடுவே இடைவெளிப் பட்டையைப் பலமுறை தட்டி இடம் விட்டிருந்தார். அவருடைய திரையில் யாவும் நேராகவே நின்றன.

அந்தக் கோப்பை மேல் காரியாலயம் ஒன்றில் வேறொரு கணினியில் திறந்தார்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லை. ஈடாக வேறோர் எழுத்துருவை இட்டார்கள். எழுத்துக்களின் அகலம் மாறியது; நேராக நின்ற கலங்கள் வளைந்தன. 13ஆம் பெயர் சற்று நீளமானது. அதன் கதவிலக்கமும் பழுதின் விவரமும் வரியில் இடமின்றி அடுத்த வரிக்கு இறங்கின. நகல் எடுத்தவர் அவற்றை 14ஆம் பெயருக்கு உரியனவாகக் கொண்டார். அங்கிருந்து கடைசிப் பெயர் வரையில் ஒவ்வொருவருடைய கதவிலக்கமும் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

பார்வையிட வந்தவர்கள் கதவிலக்கத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்கள். பட்டியலில் ஒரு பெயர், வீட்டில் வேறொருவர். இது போலிப் பட்டியலோ என்னும் ஐயமும் எழுந்தது. முழுப் பட்டியலையும் திருப்பியனுப்பினார்கள். அது திரும்பி வந்து சேர்வதற்குள் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையும் கூடிக் கலைந்துவிட்டது. அந்நாளில் கிராம சபை கூடுவது ஆண்டுக்கு நான்கு நாட்கள். அடுத்த சபை 2015 ஜனவரி 26இல். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அவ்விடைவெளியில் பெய்து ஓய்ந்தது.

பட்டியலில் 19ஆம் பெயருக்கு உரியவர் ஒரு மூதாட்டி. அவருடைய வீட்டின் மேலைச் சுவர் ஏற்கெனவே சரிந்திருந்தது. அம்மழைக்காலத்தை அவர் தார்ப்பாயின் கீழ்க் கழித்தார். நாம் சென்று கண்டபோது, "ஐயா, பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம், என் வீடுதான் இல்லையாம்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து மேலொப்பம் இட்டவர் நாமே. கலங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தோமேயன்றி, அவை எதனால் நிற்கின்றன என்று பார்க்கவில்லை.

தட்டச்சுப் பழக்கமும் கணினிப் பழக்கமும்

பட்டியலை அடித்தவர் சோம்பேறியல்லர். தட்டச்சில் முதுநிலைத் தேர்வில் தேறியவர், பிழையின்றி அடிப்பவர். பின் தவறு எவ்வாறு நேர்ந்தது? அவருடைய நல்ல பழக்கமே அத்தவறுக்குக் காரணமாயிற்று. இதைச் சிறிது விளக்குவோம்.

தட்டச்சுப் பொறிக்கு 1868ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் காப்புரிமை பெற்றார்கள். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துத் தந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா அவர்கள். வழக்கமான ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் மெலிந்த 'ஐ' எழுத்துக்கும் அகன்ற 'டபிள்யூ' எழுத்துக்கும் ஒரே அளவு இடம். ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து அல்லது 12 எழுத்து. ஆதலால் இடைவெளியை எண்ணித் தட்டினால் கலங்கள் கோடு பிடித்தாற்போல் நிற்கும். வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கும். நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். தலைப்பைத் தனித்துக் காட்ட அடிக்கோடிடுவதைத் தவிர வேறு வழி அரிது.

கணினியில் இம்மூன்றும் மாறிவிட்டன. பெரும்பாலான எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி அகலம். வரி நிரம்பியதும் தானே மடங்கும். தலைப்பைக் காட்டப் பல வழிகள் உண்டு. ஆயினும் தட்டச்சில் பழகிய விரல், எண்ணி எண்ணி இடைவெளி தட்டுகின்றது. ஒவ்வொரு வரி முடிவிலும் 'என்டர்' விசையைத் தட்டுகின்றது. அச்சிட்ட தாளில் குறை தெரிவதில்லை. ஒரு சொல்லைச் சேர்த்தாலோ, எழுத்துரு மாறினாலோ, வேறு கணினிக்குப் போனாலோ யாவும் சரிந்துவிடுகின்றன.

வரப்பில்லாத வயலில் நீர் நிற்பதுபோல் தோன்றலாம். ஒரு காற்று அடித்தால் நீர் எப்பக்கம் போகும் என்று சொல்ல இயலாது. வரப்பிட்டுப் பாத்தி கட்டினால் நீர் அதனதன் இடத்தில் நிற்கும். கணினியில் எழுத்தை ஒழுங்குசெய்வதும் அவ்வாறே. 'இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையின் ஒரு கட்டம்' என்று கணினிக்குச் சொல்லி வைப்பதே ஒழுங்குசெய்தல். அதனை அழகுக்காகச் செய்யும் வேலை என்று எண்ணுவோர் மேற்சொன்ன மூதாட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு எது?

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளோடு 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்னும் சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகின்றது. பயில்வோர் இதனைச் 'சி.ஓ.ஏ.' என்று சுருக்கமாக அழைப்பர். அரசுப் பணியில் தட்டச்சராகவும் சுருக்கெழுத்துத் தட்டச்சராகவும் சேர்வோர் இச்சான்றிதழைப் பெற வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என இருவகை உண்டு. தகுதி, கட்டணம், நாள் முதலிய விவரங்களை அவ்வப்போது வெளியாகும் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'லோயர்', 'ஹையர்' என்று வழங்கும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளை முடித்த பின்னரே கிராமத்துப் பிள்ளைகள் பலர் இத்தேர்வுக்கு வருகின்றனர். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். அங்கே வேகமே தலைமை. இங்கோ வேகத்தை விட அமைப்பு தலைமை பெறுகின்றது. இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே உணர்ந்தவர் பாதித் தேர்வைக் கடந்தவராவர்.

பலர் விசைகளின் பெயரையும் பட்டியல்களின் வரிசையையும் மனப்பாடம் செய்கின்றனர். எழுத்துத் தேர்வுக்கு அது ஓரளவு உதவும். செய்முறைக்கு உதவாது, வேலைக்கும் உதவாது. நாம் கண்ட நல்ல வழி ஒன்றே. பஞ்சாயத்தில் உண்மையில் எழுதப்படும் காகிதங்களையே பயிற்சிப் பாடமாகக் கொள்ள வேண்டும். கீழே எட்டுப் பாடங்களாக அதனை வகுத்துத் தருகிறோம். தேர்வில் விசைப் பெயர்கள் ஆங்கிலத்தில் வருமாதலின் அப்பெயர்களை அப்படியே தமிழெழுத்தில் குறித்துள்ளோம். மைக்ரோசாப்ட் வேர்டு இல்லாதவர்கள், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பழகலாம். இங்கே கூறும் விசைகள் இரண்டுக்கும் பொருந்தும். எனினும் பட்டியல்களின் இடம் மாறுபடுவதால், தேர்வு நடக்கும் நிலையத்தில் எது உள்ளதோ அதில் கடைசி இரு வாரமேனும் பழகுதல் வேண்டும்.

முதற் பாடம்: தாள்

எழுதத் தொடங்கும் முன் தாளின் அளவைக் குறிப்பிட வேண்டும். நம் காரியாலயங்களில் வழங்கும் ஏ-4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. சில கணினிகளில் அமெரிக்க 'லெட்டர்' தாள் முன்கூட்டியே அமைந்திருக்கும். அது எட்டரை அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்டது. அதனை மாற்றாமல் அடித்தால், அச்சிடும்போது வரிகள் இடம் மாறும்; கையொப்பத்துக்குரிய இடம் தனியே அடுத்த தாளுக்குப் போய்விடவும் கூடும்.

அடுத்தது ஓரம். கோப்பில் துளையிட்டுக் கட்டுவதற்காக இடப்புறம் 4 சென்டிமீட்டரும், வலப்புறம் 2 சென்டிமீட்டரும், மேலும் கீழும் இரண்டரை சென்டிமீட்டரும் விடலாம். ஏ-4 தாளில் எழுதுவதற்கு மிஞ்சும் அகலம் 15 சென்டிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்; ஐந்தாம் பாடத்தில் இது தேவைப்படும்.

பயிற்சி: கிராம சபைக் கூட்ட அறிவிப்பை ஒரே தாளில் அடங்குமாறு அமைத்தல்.

இரண்டாம் பாடம்: பத்தி

'என்டர்' விசை பத்தி முடிவுக்கு மட்டுமே உரியது. வரி முடிவில் அதனைத் தட்டுதல் கூடாது. இரு பத்திகளுக்கு நடுவே இடம் வேண்டுமாயின் வெற்று 'என்டர்' தட்டாமல், பத்தியின் முன்னும் பின்னும் விடவேண்டிய இடத்தைப் 'பாராகிராப்' பகுதியில் குறிப்பிட வேண்டும். முதல் வரியை உள்ளே தள்ளுவதற்கும் அங்கேயே வழியுண்டு.

இடவலம் மாற்றித் திருப்பிய 'பி' எழுத்தைப் போன்ற ஒரு குறி கருவிப் பட்டையில் இருக்கும். அதனை அழுத்தினால் மறைந்திருக்கும் 'என்டர்' ஒவ்வொன்றும் அதே குறியாகவும், இடைவெளி ஒவ்வொன்றும் புள்ளியாகவும் திரையில் தோன்றும். புள்ளிகள் வரிசையாக நின்றால் அங்கே தவறு உள்ளது என்று அறிக. மண்ணைக் கிளறிப் பார்த்து வேரின் நிலையை அறிவது போன்றது இது.

'கண்ட்ரோல்' விசையோடு 'எல்' தட்டினால் பத்தி இடப்புறம் சீராகும், 'ஆர்' வலப்புறம், 'இ' நடுவில், 'ஜே' இருபுறமும். தமிழில் நீண்ட சொற்கள் மிகுதி. குறுகிய பத்தியை இருபுறமும் சீராக்கினால் சொற்களிடையே பெரிய இடைவெளிகள் விழும். ஆகவே கேட்டாலன்றி இடப்புறச் சீரே தமிழுக்கு நன்று.

மூன்றாம் பாடம்: எழுத்து

எழுத்தின் உயரத்தைப் 'பாயிண்ட்' என்னும் அளவால் குறிப்பர். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். உடலெழுத்துக்கு 12 பாயிண்ட் போதும். தலைப்புக்கு 14 வைக்கலாம். 'கண்ட்ரோல்' விசையோடு 'பி' தடித்த எழுத்து, 'ஐ' சாய்ந்த எழுத்து, 'யு' அடிக்கோடு. மூன்றையும் ஒரே வரியில் இடுவது வேண்டாம். எல்லாவற்றையும் அழுத்திச் சொன்னால் எதையும் அழுத்திச் சொன்னதாகாது.

தமிழெழுத்தைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. முற்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அம்முறையில் அடித்த கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தெரியும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு யூனிகோடு முறையையும் 'டேஸ்-16' முறையையும் தரமாக ஏற்றது. யூனிகோடில் அடித்தால் எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருக்களைக் கட்டணமின்றி வழங்கியுள்ளது. விசைப்பலகையில் 1999ஆம் ஆண்டு தரப்படுத்திய 'தமிழ்99' முறையும் உண்டு. பழைய தட்டச்சு முறையும் உண்டு. தட்டச்சு பயின்றவர் தட்டச்சு முறையிலேயே யூனிகோடில் அடிக்க இயலும். விரலை மாற்ற வேண்டியதில்லை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. யூனிகோடு எழுத்தைக் காக்கும். எழுத்தின் அகலத்தைக் காவாது. கலங்களைக் காப்பது அட்டவணையே.

நான்காம் பாடம்: தலைப்பும் வரிசை எண்ணும்

ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே தடிப்பாக்குவதை விட, 'ஸ்டைல்' பகுதியில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்னும் வகைகளைக் கொடுப்பது மேல். பின்னர் 'ஹெடிங் 1' வகையை ஒருமுறை மாற்றினால் அவ்வகைத் தலைப்புகள் யாவும் மாறிவிடும். பொருளடக்கமும் இதைக் கொண்டே தானாக அமையும்.

தீர்மானங்களுக்கு 'நம்பரிங்' வசதியைப் பயன்படுத்தினால் நடுவில் ஒன்றைச் சேர்த்தாலும் எண்கள் தாமே ஒழுங்காகும். இதில் ஓர் எச்சரிக்கை. பத்தியின் நடுவே 'தீர்மானம் 7இன்படி' என்று கையால் அடித்திருந்தால் அந்த 7 தானாக மாறாது. மேலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறிய எண்ணே இறுதியானது. கணினிப் படியை அதனோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.

பயிற்சி: பத்துத் தீர்மானங்கள் கொண்ட கூட்ட நடவடிக்கையை அமைத்து, நான்காவதன் பின் புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்த்தல்.

ஐந்தாம் பாடம்: அட்டவணை

எட்டில் இதுவே தலையாயது. 'இன்செர்ட் டேபிள்' மூலம் வேண்டிய கலங்களையும் வரிகளையும் அமைக்கலாம். நான்கு கலப் பட்டியலுக்கு, எழுதும் அகலமான 15 சென்டிமீட்டரைப் பங்கிடுவோம். வரிசை எண்ணுக்கு ஒன்றரை, பெயருக்கு ஐந்தரை, கதவிலக்கத்துக்கு 3, பழுதின் விவரத்துக்கு 5, ஆக 15. நீளமான பெயர் வந்தால் அது தன் கட்டத்துக்குள்ளேயே இரண்டு வரியாக மடங்கும். அதன் கதவிலக்கம் அதன் எதிரிலேயே நிற்கும். எழுத்துரு மாறினாலும் கட்டம் உயரலாமேயன்றி, ஒருவருடைய விவரம் மற்றொருவருக்குப் போகாது.

பெயர் இடப்புறமும் தொகை வலப்புறமும் சீராக நிற்க வேண்டும். 9,500 ரூபாயும் 1,25,000 ரூபாயும் வலப்புறம் சீராக நின்றால்தான் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க இயலும். பட்டியல் பல தாள்களுக்கு நீளுமாயின் தலைப்பு வரியை ஒவ்வொரு தாளிலும் தோன்றச் செய்யும் வசதி உண்டு; வேர்டில் இதனை 'ரிபீட் ஹெடர் ரோஸ்' என்பர். ஒரே வரி இரு தாள்களில் பிளவுபடாமல் தடுக்கவும் வழியுண்டு.

பயிற்சி: 30 பெயர் கொண்ட பட்டியலை அட்டவணையாக்கி, பின்னர் எழுத்துருவையும் அளவையும் வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தல். கலங்கள் கலையாவிடில் பாடம் தேறிற்று.

ஆறாம் பாடம்: தாளின் தலையும் அடியும்

'ஹெடர்' என்பது ஒவ்வொரு தாளின் மேலும், 'ஃபூட்டர்' என்பது கீழும் தானே தோன்றும் பகுதி. மேலே பஞ்சாயத்தின் பெயரும் கூட்ட நாளும், கீழே 'பக்கம் 2, மொத்தம் 5' என்பதும் இருத்தல் நன்று. கோப்பிலிருந்து ஒரு தாள் கழன்று விழுந்தால் அது எந்தக் காகிதத்தின் எத்தனையாவது தாள் என்பது உடனே தெரியும். புதிய தாளில் தொடங்க வேண்டுமாயின் 'என்டர்' விசையைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் 'கண்ட்ரோல்' விசையோடு ஒருமுறை 'என்டர்' தட்ட வேண்டும்.

ஏழாம் பாடம்: ஒரு கடிதம், பல முகவரி

அங்கத்தினர் அனைவருக்கும் ஒரே அறிவிப்பைத் தனித்தனிப் பெயரிட்டு அனுப்ப 'மெயில் மெர்ஜ்' உதவுகின்றது. பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல் ஒன்று. பெயருக்கு இடம் விட்ட கடிதம் ஒன்று. இரண்டையும் கணினி இணைத்துத் தரும். பட்டியலில் முகவரி பிழையானால் கடிதமும் பிழையாகும். முதலில் மூன்று பெயரை மட்டும் வைத்துச் சோதித்து, பின்னர் முழுப் பட்டியலையும் இணைத்தல் வேண்டும். தேர்வுக்குப் பயில்வோர் பலர் இதனைக் கடினம் என்று விட்டுவிடுகின்றனர். மூன்று நாள் பழகினால் எளிதாகும்.

எட்டாம் பாடம்: சரிபார்த்தல்

'கண்ட்ரோல்' விசையோடு 'எச்' தட்டினால் ஒரு சொல்லைத் தேடி மாற்றும் வசதி கிடைக்கும். இது பயனுள்ளது, ஆபத்தும் உள்ளது. கதவிலக்கம் 12ஐ 13 ஆக்குவதற்கு 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தினால் 112ஆம் இலக்கமும் 113 ஆகிவிடும்; 1,200 ரூபாய் எனக் காற்புள்ளியுடன் அடித்தது தப்பும், காற்புள்ளியின்றி அடித்த 1200 ரூபாய் 1300 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுக.

தவறு நேர்ந்தால் 'கண்ட்ரோல்' விசையோடு 'இசட்' தட்டி மீளலாம். 'எஸ்' தட்டி அடிக்கடி சேமிக்க வேண்டும். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. வெளியே அனுப்பும் படியைப் 'பி.டி.எஃப்.' ஆக்கி அனுப்பினால், பெறுகின்ற கணினியில் அமைப்பு கலையாது. திருத்துவதற்குரிய மூலப்படியைப் பஞ்சாயத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வாரத் திட்டம்

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைப்பவர் ஆறு வாரத்தில் இப்பாடங்களை முடிக்கலாம். முதல் வாரம் தாளும் பத்தியும். இரண்டாம் வாரம் எழுத்தும் தலைப்பும். மூன்றாம் வாரம் முழுவதும் அட்டவணை. நான்காம் வாரம் தாளின் தலையடியும் மெயில் மெர்ஜும். ஐந்தாம் வாரம் சரிபார்த்தலும் எழுத்துத் தேர்வுப் பாடமும். ஆறாம் வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத் தேர்வுகள். இத்தேர்வில் விரிதாள் முதலிய பிற பாடங்களும் உண்டாதலின் அவற்றுக்கும் இதேபோல் நாள் ஒதுக்க வேண்டும்.

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளை முழுவதும் படித்த பின்னரே விசையைத் தொடுக. முதலில் கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்கவும். அடுத்துத் தாளின் அளவும் ஓரமும். பின்னர் எழுத்து முழுவதையும் அலங்காரமின்றி அடித்துவிட்டு, அதன் பின்பே ஒழுங்குசெய்யவும். அடித்துக்கொண்டே அழகுபடுத்துவோர் நேரத்தை இழக்கின்றனர். கடைசி ஐந்து நிமிடத்தை அச்சு முன்னோட்டத்துக்கும், மறைகுறிகளைப் பார்ப்பதற்கும் ஒதுக்குக.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

வீட்டில் கணினி உள்ள பிள்ளைகள் நம் கிராமங்களில் சிலரே. வட்டத் தலைநகர்ப் பயிற்சி நிலையத்தில் ஒரு மணி நேரம் பழகிவிட்டுப் பேருந்தேறி வருகின்ற பெண்பிள்ளைகள் பலர், மறுநாள் வரை விசையைத் தொடுவதில்லை. கணினியும் இடமும் உள்ள பஞ்சாயத்துக்கள், உரிய அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் இவர்கள் பழக ஏற்பாடு செய்யலாம். நூலகத்திலோ பள்ளியிலோ உள்ள கணினிக்கும் முயலலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். பயிற்சிக்கு உண்மைப் பயனாளிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கொடுத்தல் கூடாது. கற்பனைப் பெயர்களே போதும்.

கையொப்பமிடும் அங்கத்தினர்களுக்கும் தலைவர்களுக்கும் ஐந்து கேள்விகள். பட்டியல் அட்டவணையாக உள்ளதா, இடைவெளி தட்டி அமைத்ததா? எழுத்து யூனிகோடில் உள்ளதா? ஒவ்வொரு தாளிலும் பக்க எண் உண்டா? தீர்மான எண்கள் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா? முதல், நடு, கடைசிப் பெயர்களின் விவரத்தை மூலத்தோடு ஒப்பிட்டாயிற்றா? இவற்றைக் கேட்பதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. கேட்கும் வழக்கம் ஏற்பட்டால், அடிப்பவருக்கும் கவனம் தானே வரும்.

2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகின்றது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு காகிதம் திரும்பினால் அடுத்த சபைக்கு முன்போல் நெடுநாள் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் சரிந்த சுவரின் கீழ் இருப்பவருக்கு ஒரு மாதமும் நெடுங்காலமே.

அந்தப் பட்டியலைப் பின்னர் அட்டவணையாக்கி அனுப்பினோம். 2015ஆம் ஆண்டு கோடையில் மூதாட்டியின் சுவர் எழுந்தது. பட்டியலை முன்னர் அடித்தவரே பின்னர்த் தாமாகச் சி.ஓ.ஏ. தேர்வுக்குப் பயின்று தேறினார். இன்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அட்டவணையையே அவர் சொல்லித் தருகின்றார். ஏன் அதிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேட்டால், 19ஆம் பெயரின் கதையைச் சொல்வார். தேர்வுக்குப் பயிலும் பிள்ளைகளும் ஒவ்வொரு வரியிலும் ஒரு வீடு இருக்கின்றது என்னும் நினைவோடு பழகுவார்களாக.